இடுப்பில் கயிறு கட்டிய தியாகி

சென்ற மாதம் எங்கள் துறையில் ஓடும் பாதைக்கு மோட்டார் பூட்டினார்கள். வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: மட்டக்களப்பில் பாதை என்றால் தெரு மட்டுமல்ல. இரண்டு பெரிய வள்ளங்களை அருகருகே கட்டி, மேலே பலகைத் தட்டுப் போட்டு, ஆட்களையும் மாட்டு வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்கும் அதுதான் பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் அதில் கோல் ஊன்றச் சேர்ந்தவன், நாற்பதுகள் முடிகிற வரை ஊன்றினேன். அந்த உரிமையில் மோட்டார் பூட்டு விழாவுக்கு என்னையும் அழைத்து, மேடையில் ஏற்றி, மாலை போட்டு, "பிறர் உயிருக்காகத் தன் உயிரையே கொடுக்கத் துணிந்த தியாகி" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்த நேரம் தியாகியின் வாயில் பாதி வடை இருந்தது. எழுந்து கும்பிடுவதா, விழுங்குவதா என்று தெரியாமல் இரண்டையும் ஒன்றாகச் செய்யப் போய், புரைக்கேறி, பக்கத்தில் இருந்த கிராமத் தலைவர் விதானையார் என் முதுகில் குத்தித்தான் உயிரைக் காப்பாற்றினார்.

விழா முடிந்ததும் இப்போது பாதையில் வேலை செய்யும் இளைஞர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவன், கண்ணில் நெருப்பு உள்ள பிள்ளை, கேட்டான்: "அண்ணே, தண்ணிக்குள்ள ஆள் விழுந்தா, நாம செத்தாலும் பரவாயில்லையெண்டு பாயத்தானே வேணும்? அதுதானே சரி?"

முப்பது வருஷத்துக்கு முன்னால் என்னிடம் கேட்டிருந்தால், ஓம் என்று சொல்லி, ஒரு விருத்தமும் பாடிக் காட்டியிருப்பேன். இப்போது வடை தின்ற வாய்க்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

என் ஊர் ஆரையம்பதி. வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோலை ஆற்றடியில் ஊன்றித் தள்ளினால் பாதை முன்னால் போக வேண்டும், கோலை உருவிக்கொண்டு நாமும் கூடவே போக வேண்டும். முதல் சில மாதங்கள் நான் ஊன்றினால் கோல் சேற்றில் நின்றது, பாதை போய்விட்டது, நான் கோலின் உச்சியில் தொங்கினேன். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆற்றின் நடுவில் கம்பத்தில் ஏறிய குரங்கைப் போல் நான் நிற்பதைப் பார்ப்பதற்காகவே சிலர் பாதையில் வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் எனக்கு இன்னொரு முகமும் இருந்தது. எங்கள் ஊரில் அறுவடை முடிந்ததும் கூத்து ஆடுவார்கள். அதில் நான் போர்க்களத்தில் சாகிற இளவரசன். வருஷா வருஷம் செத்தேன். வில் முறிந்து, தேர் முறிந்து, கடைசியில் கூத்துக் களரியின் நடுவே முழந்தாளிட்டு, தன் குலத்துக்காக உயிர் தருகிறேன் என்று பாடிக்கொண்டு நான் சாயும்போது, சுற்றி இருக்கும் பெண்கள் எல்லோரும் அழுவார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தை மெல்ல அடக்குவார். நான் செத்த பிறகும் ஒரு கண்ணை இலேசாகத் திறந்து, யார் யார் அழுகிறார்கள் என்று பார்ப்பேன். "சாகிற நேரம் மட்டும்தான் உங்கட முகத்தில ஒரு களை வருது" என்று என் மனைவியே சொல்லியிருக்கிறாள். இப்படி ஒருவனுக்கு ஆற்றில் வேலை கிடைத்தால் அவன் எதைத் தேடுவான்? யாராவது விழ மாட்டார்களா, நான் பாய மாட்டேனா என்று காத்திருந்தேன். ஒருத்தரும் விழவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைச் சனம் நிதானமான சனம்.

அவர்கள் விழாமல் இருந்ததற்கு இன்னொரு காரணம் எங்கள் தண்டயல். தண்டயல் என்றால் பாதையின் தலைவர், சுக்கான் பிடிப்பவர். காத்தான்குடி மீராசாகிபு. நாங்கள் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். ஒட்டி உலர்ந்த உடம்பு, வெள்ளைத் தொப்பி, சாரனுக்கு மேல் அகலமான இடுப்புவார். குரலை உயர்த்தமாட்டார். மனிதர்களோடு பேசுவதைவிடக் கயிறுகளோடு பேசுவது அதிகம். காலையில் துறைக்கு வந்ததும் ஒவ்வொரு கயிற்றையும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கைக்குள்ளால் ஓட விடுவார். எங்காவது தும்பு குத்தினால் கை நின்றுவிடும். அந்த இடத்தை மூக்கில் வைத்து மணப்பார். உக்கல் மணம் அடித்தால் யோசனையே இல்லை, வெட்டு. புதுக் கயிறு வந்தால் துறையடி மருதமரத்துக் கொப்பில் போட்டு, மறு நுனியில் என்னைக் கட்டித் தொங்க விடுவார். வேலைக்காரர்களில் நிறை கூடியவன் நான் என்பதுதான் காரணம். காலைப் பாதைக்கு வந்த சனம் வெற்றிலை போட்டுக்கொண்டு பார்த்திருக்க, போர்க்களத்து இளவரசன் கொப்பில் பலாப்பழம்போல் தொங்குவான்.

அவருடைய சட்டம் ஒன்றுதான். ஆள் விழுந்தால் பாதையில் இருந்து ஒருவரும் சும்மா பாயக் கூடாது. கயிற்றில் கட்டிய காய்ந்த தேங்காய்ச் சோடி எப்போதும் தட்டில் கிடக்கும், முதலில் அதை வீச வேண்டும். பிறகு கோலை நீட்ட வேண்டும். அதுவும் எட்டாவிட்டால் மட்டும் ஒருவன் இறங்கலாம். அப்படி இறங்குபவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மற்ற நுனியை இன்னொருவன் கையில் கொடுத்து, அவனுடைய பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பாய வேண்டும். பெயர் சொல்லாமல் பாய்ந்தவனுக்கு அடுத்த நாள் வேலை இல்லை.

ஒவ்வொரு மாரி தொடங்கும்போதும் இதை எங்களுக்குப் பழக்குவார். என் முறை வந்தபோது நான் நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி, "கயிறு மீராசாகிபு காக்காவின் கையிலே!" என்று கூத்து இராகத்தில் இழுத்துவிட்டுப் பாய்ந்தேன். என்னை இழுத்து எடுத்த பிறகு அவர் சொன்னார்: "பாட்டு வேணா மனே. பேர் போதும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "காக்கா, ஒரு உசிரைக் காப்பாத்தப் போய் நம்மட உசிர் போனா அது புண்ணியம்தானே? அதுக்கும் கயிறு கட்டிக்கிட்டா போறது?"

"உசிர் அமானிதம்" என்றார், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. "ஆரோ உன்னட்டப் பாதுகாக்கச் சொல்லித் தந்த சாமான். அத எடுத்து நீ தானம் பண்ணிப் பேர் வாங்குறயா?"

"அப்ப ஆள் தாழுறதைப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்லுறீங்களா?"

"நிக்கச் சொல்லல்ல. கட்டச் சொன்னன்."

அன்று இரவுச் சோற்றின்போது மனைவியிடம் சொன்னேன், எங்கள் தண்டயல் ஒரு பயந்தாங்கொள்ளி என்று. அவருடைய தம்பி ஒருவர் முன்பு ஆற்றில் போனவராம் என்று அவள் எங்கோ கேள்விப்பட்டதைச் சொன்னாள். அதனால்தான் பயம் என்று முடிவு கட்டிக்கொண்டு, மேலே ஒன்றும் கேட்காமல் மீன் தலையைச் சூப்பினேன்.

முப்பதுகளில் ஒரு மாரி. நாள் கணக்காக மழை. படுவான்கரையில் வயல் வட்டை எல்லாம் வெள்ளம். தண்ணீர் வடியட்டும் என்று முகத்துவாரத்து மணல் மேட்டை வெட்டிவிட்டிருந்தார்கள், அதனால் ஆறு முழுவதும் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது. துறையில் ஒரு முளை நிற்கும், அதில் கறுத்தக் கீல் பூசிய கோடு. தண்ணீர் அந்தக் கோட்டை மூடினால் சிவப்புத் துணி கட்டிப் பாதையை நிறுத்திவிட வேண்டும். அன்று கோடு மட்டுமல்ல, முளையே தெரியவில்லை. சிவப்புத் துணியை மரத்தில் கட்டிவிட்டு நாங்கள் கொட்டிலுக்குள் குந்தியிருந்தோம். அக்கரைக்குப் போக வந்து அகப்பட்டுக்கொண்ட சிலரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் காத்தான்குடிச் சாரன் வியாபாரி. தறியில் இருந்து புதிதாக இறக்கிய சாரன்களை ஒரு பெரிய மூட்டையாகக் கட்டி, நனையாமல் மடியில் வைத்திருந்தார்.

மத்தியானம்போல் கரையோரத்துக் கண்டல் பற்றைக்குள் இருந்து ஒருவன் தவழ்ந்து வந்தான். கந்தப்பன் என்று பெயர், படுவான்கரை வேளாண்மைக்காரன். சின்னத் தோணி ஒன்றில் தனியாகக் கடக்கப் பார்த்து, கரைக்குக் கிட்ட வந்ததும் தோணி கவிழ்ந்து ஆற்றோடு போய்விட்டது. அவனுக்கு மூச்சு வாங்கியது.

"என்ட பொஞ்சாதிக்கு நேத்தையில இருந்து நோகுது. புள்ள குறுக்கால கிடக்காம். இஞ்ச வச்சிப் பார்க்கேலா, பட்டினத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோ எண்டு மருத்துவிச்சி சொல்லிட்டா. வண்டியில ஏத்தி அக்கரைத் துறைக்குக் கொண்டுவந்து வச்சிருக்கம். பாதையை விடுங்க ஐயா."

தண்டயல் தலையை அசைத்தார். "பாதை போகா. இந்த நீர்ல இறக்கினா நாங்களும் பாதையும் முகத்துவாரத்துலதான் நிப்பம்."

கந்தப்பன் அவர் காலில் விழுந்தான். நான் எழுந்தேன். என் வாழ்க்கையின் வரவுப் பாட்டு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கொட்டிலின் நடுவுக்கு வந்து, கையை நெஞ்சில் வைத்து, "நான் போறன்! நம்மட பெரிய தோணியைத் தாங்க, என்ட உசிர் போனாலும் பரவாயில்ல!" என்றேன். கால் தானாகவே ஆட்டத்து மிதி மிதித்தது என்று பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

தண்டயல் என் பக்கம் திரும்பவே இல்லை. கந்தப்பனிடம் கேட்டார்: "உன்ட பொஞ்சாதி ஆர்ர மகள்?"

"முத்துப்பிள்ளைட மகள் ஐயா. கனகம்மா."

அவர் ஈர மண்ணில் அப்படியே இருந்துவிட்டார். பிறகு எழுந்து, இடுப்புவாரை இறுக்கிக்கொண்டு, "கரைவலை வாடில சும்மா கிடக்கிற கயிறு முழுக்கக் கொண்டாங்க" என்றார். மாரியில் எங்கள் கடலில் கரைவலை இழுக்க மாட்டார்கள். கயிறுகள் சுருள் சுருளாகக் கடற்கரைக் கொட்டிலில், அதாவது வாடியில், தூங்கும். ஆட்கள் ஓடிப் போய்ச் சுமந்து வந்தார்கள். அந்த அவசரத்திலும் அவர் ஒவ்வொரு சுருளையும் கையால் ஓட விட்டு, மணந்து, இரண்டைத் தள்ளி வைத்துவிட்டு, மற்றவற்றை ஒன்றோடொன்று முடிந்தார். எனக்கோ காலம் போகிறதே என்று பதைப்பு.

தோணியில் நானும் கந்தப்பனும் ஆளுக்கொரு சவளோடு, அதாவது துடுப்போடு, போவதென்று முடிவு. என் இடுப்பில் கயிற்றைக் கட்டும்போது சொன்னார்: "போகக்குள்ள ரெண்டு பேரும் சவள் போடலாம். வரக்குள்ள நோவுக்காரி படுத்திரிப்பா, வலிக்க இடம் இரா. நாங்கதான் இழுத்தெடுக்கணும். அதால இந்தக் கயிறு அக்கரை போய்ச் சேரணும். நீ சேருறது ரெண்டாவது. விளங்குதா?"

கன்றுக்குட்டியைப் போல் இடுப்பில் கயிற்றோடு, போருக்குப் புறப்பட்ட வீரனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். "கயிறு மீராசாகிபு காக்காட கையில" என்று, இந்த முறை இராகம் இல்லாமல், சொல்லிவிட்டுத் தோணியைத் தள்ளினேன்.

ஆறு எங்களைப் பிடித்து வடக்கே இழுத்தது. எதிர்ச் சாய்வாகச் சவள் போட்டுப் போட்டுக் கைகள் இரண்டும் கழன்று விழும்போல் ஆனபோது, அக்கரைத் துறையும் வண்டியும் கண்ணுக்குத் தெரிந்தன. அந்த நேரம் இடுப்பில் ஒரு வெட்டு இழுவை. கயிறு முடிந்துவிட்டது. வெள்ளத்தில் கரை பின்னுக்குப் போய் ஆறு அகன்றிருந்ததை எங்களில் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. தண்ணீருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருந்த ஒரு கண்டல் மரத்தைக் கந்தப்பன் எட்டிப் பிடித்துக்கொண்டான். தோணி அதில் தொங்கி ஆடியது. கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது.

நான் காத்திருந்த கட்டம் இதுதான். மெல்ல எழுந்து, இடுப்பு முடிச்சில் கையை வைத்தேன்.

"என்னண்ணே செய்யிறீங்க?" என்றான் கந்தப்பன்.

"கயித்தை விட்டுட்டுப் போவம் தம்பி. உன்ட பொஞ்சாதிக்காக என்ட உசிரைக் குடுக்கிறன்."

அவன் குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தான். இருந்தும் என்னை அவன் பார்த்த பார்வையில் அவ்வளவு எரிச்சல். "உங்கட உசிரை வச்சி நான் என்ன செய்யிற? அவளை அங்கால இழுத்துக் கொண்டுபோகக் கயிறு வேணும். இருங்கண்ணே சும்மா!"

இருந்தேன். எத்தனையோ வருஷம் களரியில் செத்த எனக்கு, பார்வையாளன் ஒருவன் எழுந்து, உன் சாவு எனக்கு வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரத்தில் கயிறு தளர்ந்தது. நாங்கள் ஒரு எட்டு முன்னால் போனோம். திரும்பவும் இறுகியது, திரும்பவும் தளர்ந்தது. எங்கிருந்து வருகிறது இந்தக் கயிறு என்று யோசிக்க நேரமில்லை. அப்படியே விட்டு விட்டுப் போய்க் கரையில் முட்டினோம்.

கனகம்மாவைத் தோணியில் படுக்க வைத்தோம். இருபது வயதுகூட இராது. முகம் வெளிறி, உதடு கடித்துக் காயமாகியிருந்தது. மருத்துவிச்சி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். நல்ல பாரமான அம்மா. நானும் கந்தப்பனும் ஏறியதும் தோணி தாழ்ந்து, தண்ணீர் விளிம்பால் உள்ளே வழிந்தது. கந்தப்பன் சட்டியால் இறைக்கத் தொடங்கினான். மருத்துவிச்சி எங்களை ஒரு முறை பார்த்தார்.

"நான் புள்ளத்தாச்சியைப் புடிச்சிருக்கன். அவர் தண்ணி இறைக்கிறார். இதுக்குள்ள வேலையில்லாம இருக்கிறது நீங்க ஒராள்தான். இறங்குங்க."

இறங்கினேன். வீரத்தால் அல்ல, அந்தக் குரலுக்கு. தண்டயல் சொன்னபடி கயிற்றை என் இடுப்பில் இருந்து அவிழ்த்துத் தோணியின் முன் அணியத்தில் கட்டிவிட்டு, பின்னால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கிடந்தேன். துணியை ஆட்டினோம். எங்கள் துறையில் நின்றவர்கள் இழுக்கத் தொடங்கினார்கள்.

கனகம்மா ஓலமிட்டபோது, "பயப்படாதங்க தங்கச்சி, நான் இருக்கன்" என்று தண்ணீருக்குள் இருந்து குரல் கொடுத்தேன். "வாயை மூடுங்கண்ணே!" என்றாள் அவள். அதன் பிறகு என்னோடு ஒருவரும் பேசவில்லை.

நடு ஆற்றுக்கு வந்ததும் இழுவை கூடியது. தோணியைக் கயிறு முன்னால் இழுக்க, என்னை ஆறு பக்கவாட்டில் இழுத்தது. என் பாரத்தால் தோணியின் பின்பக்கம் தாழ்ந்து, கந்தப்பன் இறைக்க இறைக்கத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் கையை விட்டால் தோணி இலேசாகும், மூன்று பேரும் வயிற்றில் உள்ள நாலாவதும் கெதியாகக் கரை சேருவார்கள். உண்மையான கணக்கு. தியாகம் செய்ய இதைவிடப் பொருத்தமான இடம் ஒரு மனிதனுக்கு வாய்க்காது. ஆனால் மத்தளம் இல்லை. அண்ணாவியார் இல்லை. நான் இருப்பதையே மூன்று பேரும் மறந்துவிட்டார்கள். கையை விட்டால் கரைக்குப் போய்த்தான் தேடுவார்கள்.

அந்த நேரம் நான் என்ன நினைத்தேன் என்று மேடையில் ஒருவரும் கேட்கவில்லை. காலையில் மனைவி அவித்த மரவள்ளிக் கிழங்கை நினைத்தேன். எனக்கென்று ஒரு பங்கை மூடி வைத்திருப்பாள், சம்பலும் இருக்கும். நான் போகாவிட்டால் அந்தக் கிழங்கை யார் தின்பார்கள்? அவள் தின்னமாட்டாள், எடுத்துக் கொட்டவும் மாட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு அழுகை வந்தது. விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். என் விரலைப் பிரிக்க யாராவது வந்திருந்தால் கடித்திருப்பேன். சாகப் பயந்தேன். அவ்வளவு பயம் ஒரு உடம்புக்குள் கொள்ளும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

கரை வந்தது. நிமிர்ந்து பார்த்தால், கயிறு இழுத்து நின்ற அத்தனை ஆண்களும் கோவணத்தோடு நிற்கிறார்கள். சாரன் வியாபாரி தன் மூட்டையை அவிழ்த்துப் புதுச் சாரன் எல்லாவற்றையும் முறுக்கி முடிந்து கொடுத்திருக்கிறார். அதுவும் போதாமல் ஆளாளுக்கு உடுத்திருந்த வேட்டியும் சாரனும் சால்வையும் கழற்றி முடிந்திருக்கிறார்கள். எங்களைக் கரை சேர்த்த கயிற்றின் வால், நீலமும் பச்சையும் கோடு போட்ட காத்தான்குடித் துணி. உயிர் கொடுக்கப் போன என்னால் ஆகாத காரியம், உடுதுணி கொடுத்தவர்களால் ஆகியிருக்கிறது. பல் கிட்டிய நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

கனகம்மாவைத் துறையில் நின்ற வேறொரு வண்டியில் ஏற்றினார்கள். மாடுகள் ஓட்டமாகப் போயின. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெண் குழந்தை.

வண்டி புறப்பட்டதும் தண்டயல் என்னிடம் வந்தார். அவரும் கோவணத்தோடுதான். தொப்பி மட்டும் தலையில் இருந்தது.

"தண்ணிக்குள்ள கிடந்து வந்தாய். கயிறு தோணியில கட்டிக் கிடக்கு. ஆர்ர பேரச் சொல்லிப்போட்டு நீ இறங்கின?"

என் கன்னத்தில் அறைந்தார். குரல் உயர்த்தாத மனிதர் என்று சொன்னேன் அல்லவா, அன்று ஆற்றின் இரு கரையும் கேட்கக் கத்தினார். "ஆர்ர பேரச் சொன்ன நீ? ஆர் உன்னப் புடிச்சிருந்த?" பிறகு மருதமரத்தடியில் குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"இந்தக் கனகம்மா அப்ப கைப்புள்ள" என்றார். "இதே பாதையில, தாய்ட கையால நழுவி ஆத்துக்குள்ள உழுந்திட்டு. என்ட தம்பி கோலப் போட்டுட்டுப் பாய்ஞ்சான். கயிறுமில்ல, பேருமில்ல. புள்ளயத் தூக்கி என்ட கையில தந்தான். புள்ளயப் புடிக்க எனக்கு ரெண்டு கையும் தேவைப்பட்டுது மனே. அவனப் புடிக்கக் கை இல்ல."

மழை எங்கள் இருவர் மேலும் கொட்டிக்கொண்டிருந்தது.

"அவன் கண் மூடித் திறக்கக்குள்ள குடுத்துட்டுப் போயிட்டான். அவன்ட பொஞ்சாதிக்கும் புள்ளயளுக்கும் நான் இண்டைக்கு வரைக்கும் குடுக்கன். சோறு குடுக்கன், துணி குடுக்கன். வாப்பா எங்க எண்டு கேட்டா அதுக்குக் குடுக்க எனக்கிட்ட ஒண்டுமில்ல."

"அப்ப அவர் செஞ்சது பிழையா காக்கா?"

அவர் வண்டி போன வழியைக் காட்டினார். "அந்தா போறா. பிழை எண்டு எப்படிச் சொல்லுற? சரி எண்டு சொன்னா, ஊட்ட போய் அவன்ட பொஞ்சாதிட முகத்தப் பாக்கேலா."

அடுத்த நாள் எனக்கு வேலை இருக்காது என்று நினைத்துக்கொண்டு போனேன். புதுக் கயிறு வந்திருந்தது. அதில் என்னைக் கட்டிக் கொப்பில் தொங்க விட்டார்.

அந்த வருஷக் கூத்தில் நான் சாகவில்லை. சாகத்தான் போனேன். முழந்தாளிட்டுப் பாட்டை எடுத்தேன். உயிர் தருகிறேன் என்ற இடம் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. எனக்கு ஆற்றுத் தண்ணீரின் குளிர்தான் நினைவுக்கு வந்தது. சனம் கிசுகிசுத்தது. மத்தளம் அதே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தது. அப்போது கூட்டத்துக்குள் இருந்து கந்தப்பனின் குரல்: "அண்ணே, கயித்தைக் கட்டிட்டுச் சாகுங்க!" களரி முழுவதும் சிரிப்பு. அதோடு இளவரசன் வேஷத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அண்ணாவியாரிடம் கட்டியகாரன் வேஷம் கேட்டு வாங்கினேன். கூத்துத் தொடங்க முன் வந்து, முடிந்த பிறகும் உயிரோடு நிற்கிறவன் அவன்தான். என் உடம்புக்கும் அது பொருத்தம் என்றார்கள்.

தண்டயல் நாற்பதுகளில், வயதாகிக் காலமானார். ஆற்றில் அல்ல, வீட்டில், பாயில் படுத்து, தம்பி பிள்ளைகள் சுற்றி இருக்க. நாற்பதாம் நாள் ஓதிச் சோறு கொடுக்கும் கத்தத்துக்கு எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காத்தான்குடிக்குப் போனேன். சாப்பிட்டு முடிந்ததும் ஆற்றில் போன தம்பியின் மூத்த மகன் வந்து, உம்மா உங்களைப் பார்த்துப் பேச வேண்டுமாம் என்று உள்வாசலடிக்குக் கூட்டிப் போனான். திரைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து குரல் மட்டும் வந்தது.

"சோறு நல்லா இருந்திச்சா தம்பி?"

"ஓம் தாத்தா. நல்ல அரிசி." காத்தான்குடியில் மூத்த பெண்ணைத் தாத்தா என்றுதான் கூப்பிட வேண்டும்.

"கனகம்மாட வட்டையில வெளஞ்சது. ஒவ்வொரு வெள்ளாம வெட்டுக்கும் புது அரிசி கொண்டுவந்து தாறவ. மகளையும் கூட்டிக்கிட்டு வருவா. தங்கமான புள்ள." பிறகு கேட்டார்: "அண்டைக்குத் தோணியப் புடிச்சிக்கிட்டு வந்தது நீங்கதானே?"

"ஓம்."

"கைய உட்டா தோணி லேசாகும் எண்டு வெளங்கிச்சா?"

இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. "வெளங்கின" என்றேன்.

"அப்ப ஏன் உடல்ல?"

விழா மேடையில் இருந்திருந்தால் ஏதாவது சோடித்திருப்பேன். அந்தத் திரைக்கு முன்னால் முடியவில்லை. "பயம் தாத்தா" என்றேன். "ஊட்டுக்குப் போகணும் எண்டிருந்திச்சி."

போய்விட்டாரோ என்று நினைத்து நான் எழும்பப் போனேன். அப்போது குரல் வந்தது, என்னிடம் சொல்வதுபோலவும் இல்லை.

"அந்தப் பயத்துல கொஞ்சம் புள்ளயள்ட வாப்பாக்கும் இருந்திருக்கலாம்."